திருமலைக் கோட்டைக்குள் ஒரு நாள்: வாசலில் இருந்து தொடங்குங்கள்

யாழ்ப்பாணத்தில் இருந்தோ மட்டக்களப்பில் இருந்தோ வான் பிடித்து வருகிற கூட்டம் பெரும்பாலும் பத்தரை மணிக்குத்தான் திருகோணமலையின் பிரெட்றிக் கோட்டைக்குள் நுழையும். வாசலை யன்னலுக்குள்ளால் ஒரு கணம் கண்டிருப்பார்கள். "அங்க பார், மான்!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். வான் நேரே மேலே, மலையில் உள்ள கோணேசர் கோயிலடியில் போய் நிற்கும். செருப்பைக் கழற்றினால் நிலம் சுடும், சந்நிதியில் வரிசை, இராவணன் வெட்டில் ஒரு படம், பன்னிரண்டு மணிக்குப் பசியோடு கீழே. கோணேசரைக் கும்பிட்டாயிற்று, அது நல்லது. ஆனால் கோட்டையை ஒருவரும் பார்க்கவில்லை.

இந்தப் பதிவு கூட்டத்தைக் கூட்டிவந்து வழிகாட்டப் போகிறவருக்கு. வெளிநாட்டில் இருந்து வந்த சித்தப்பா குடும்பத்துக்கு ஊர் காட்டப் போகிற பெறாமகன், அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளோடு வருகிற ரீச்சர், சங்கத்துச் சுற்றுலாவுக்குப் பொறுப்பெடுத்தவர், யாராகவும் இருக்கலாம். உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். வாசலில் இறங்குங்கள், அங்கிருந்து நடந்து போங்கள். கீழே கோட்டையில் இருக்கிற கல், மேலே மலையில் இருந்த கோயிலின் கல். அது தெரியாமல் மேலே போகிறவர் கோயிலையும் பாதிதான் பார்க்கிறார்.

காலம் முதலில். மாசி தொடக்கம் சித்திரை வரை நல்லது. கடல் அமைதி, வெயில் தாங்கலாம். பங்குனி சித்திரையில் மலையில் நின்று பொறுமையாகப் பார்த்தால் திமிங்கிலம் நீர் பீய்ச்சுவது தெரிகிற நாட்களும் உண்டு. வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று தொடங்கிவிடும். அது தரையில் இருந்து வருகிற காய்ந்த சூட்டுக் காற்று. பகல் பதினொரு மணிக்கு மேல் மலையில் நிற்க ஏலாது. அந்த மாதங்களில் வருவதானால் எல்லாவற்றையும் ஒன்பதரைக்குள் முடிக்கிற மாதிரித் திட்டமிடுங்கள். ஐப்பசி தொடக்கம் தை நடுப்பகுதி வரை வாடை மழை. பாறை வழுக்கும், கடல் கறுத்துக் கிடக்கும். அந்த நேரத்துக் கடல் இரைச்சலுக்கு என்றே வருகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் வயதானவர்களோடு வேண்டாம். சிவராத்திரி கழிந்து சுவாமி நகர்வலம் வருகிற நாட்களும் பங்குனித் திருவிழாவும் அந்தத் திருவிழாவுக்காகவே வரவேண்டிய நாட்கள். அந்த நெரிசலில் கோட்டை பார்க்க ஏலாது.

காலை ஆறேகாலுக்கு வாசலில் நில்லுங்கள். பஸ்ஸிலோ இரவு ரயிலிலோ வருகிறவர்கள் முகம் கழுவி, ஒரு பிளேன்டீயும் குடித்து, காலைக்கடனையும் நகருக்குள்ளேயே முடித்துக்கொண்டு வரவேண்டும். மேலே போய்த் தேடத் தொடங்கினால் அரை மணி நேரம் அதிலேயே போய்விடும். வானை வாசலுக்கு வெளியே வெட்டையான இடத்தில் விடச் சொல்லி, எட்டரைக்கு மேலே கொண்டுவரச் சொல்லுங்கள். வாகனத்தை மேலே வரை விடுகிற நாளும் உண்டு, விடாத நாளும் உண்டு. கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால் அது அன்றன்றைக்குத்தான் தெரியும். அதனால் முழங்கால் வருத்தமுள்ள அம்மம்மாவுக்குத் தொடக்கத்திலேயே ஒரு ஓட்டோ பிடித்து, துணைக்கு ஒரு பெரியவரையும் ஏற்றி அனுப்பிவிடுவது நல்லது. "நானும் நடக்கிறன், எனக்கு ஒண்டுமில்லை" என்பார். ஏறுவதில் வில்லங்கமில்லை, வெயிலோடு திரும்பி இறங்குவதில்தான் களைத்துப் போவார்.

இனி வாசல். இங்கே அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

வாசல் ஒடுக்கமானது, வாகனங்களும் அதற்குள்ளால்தான் போய்வருகின்றன. இருபது பேரை உள்ளே நிறுத்திக் கதை சொன்னால் ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிப்பார், பிள்ளைகள் சிதறுவார்கள், நீங்கள் சொன்னது ஒருவருக்கும் கேட்காது. சொல்ல வேண்டியதை வெளியே மதில் ஓரமாக நின்று சொல்லி முடியுங்கள். பிறகு எட்டுப் பத்துப் பேராக உள்ளே கூட்டிப்போய்க் கல்லைக் காட்டுங்கள்.

வெளியே நிற்கும்போது முதலில் இடத்தைக் காட்டுங்கள். கோட்டை நிற்பது கடலுக்குள் நீண்டு போகிற ஒரு மலைமுனையில். ஒரு பக்கம் டச்சுக் குடா, மற்றப் பக்கம் இன்னொரு குடா, நுனியில் செங்குத்தான பாறை. மூன்று பக்கத்தையும் கடலும் பாறையும் காக்க, நிலத்தோடு சேருகிற கழுத்தை மட்டும் மதிலால் அடைத்தால் போதும். நீங்கள் நிற்பது அந்தக் கழுத்தில். இதைத் தரையில் ஒரு குச்சியால் கீறிக் காட்டினால் பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். நாலாபக்கமும் மதில் இருக்கும் என்று நினைத்து வருகிறவர்கள் "மிச்சக் கோட்டை எங்கே?" என்று கேட்பார்கள். மிச்சக் கோட்டை அந்த மலைதான்.

பிறகு ஆண்டுகள். எல்லாவற்றையும் கொட்டாதீர்கள், மூன்று போதும்.

1622இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோணேசர் கோயிலை இடித்தார். மலையடியில் ஒன்று, நடுவில் ஒன்று, உச்சியில் ஒன்று என்று மூன்று கோயில்கள் இருந்ததைப் போர்த்துக்கேயரே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரங்கால் கோயில் என்ற பேரும் இருந்தது. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிலேயே "கோணமா மலை அமர்ந்தாரே" என்று பாடிய தலம் இது. இடித்த கல்லை வைத்து அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் கோட்டை எழும்பியது. கோயில் இடிந்ததை எல்லாரும் சொல்வார்கள். கல் எங்கே போனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்தக் கல்லைத்தான் இன்னும் இரண்டு நிமிடத்தில் காட்டப் போகிறீர்கள்.

இரண்டாவது 1675. வாசல் வளைவுக்கு மேலே இந்த ஆண்டு வெட்டப்பட்டிருக்கிறது. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1639இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்து, பிறகு கைவிட்டு, 1665இல் திரும்பி வந்து கட்டத் தொடங்கினார்கள். 1672இல் ஒரு பிரெஞ்சுக் கடற்படை வந்து இறங்கிக் கொஞ்சக் காலம் பிடித்து வைத்திருந்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் இந்த 1675. ஆண்டை மட்டும் வாசிக்காமல் இந்தப் பின்னணியோடு சொன்னால், மதில் ஏன் இவ்வளவு தடிப்பு என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அதற்கு மேலே தெரிகிற சிங்கமும் ஒற்றைக் கொம்புக் குதிரையும் பிரித்தானிய அரச சின்னம், பின்னால் வந்தது. பலர் ஆண்டையும் சின்னத்தையும் ஒரே காலத்தவை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் இடையில் நூறு ஆண்டுக்கு மேலான இடைவெளி.

மூன்றாவது 1782. ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரன் ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். செப்டெம்பர் 3ஆம் திகதி இரண்டு கடற்படைகளும் திருகோணமலைக்கு வெளியே மோதின. ஒரே ஆண்டில் கோட்டைக் கொடிக்கம்பத்தில் மூன்று கொடி. பிறகு சமாதானப் பேச்சில் ஒல்லாந்தருக்குத் திரும்பிப் போய், 1795இல் மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1803இல்தான் மன்னர் மூன்றாம் ஜோர்ஜின் மகன் பிரெட்றிக்கின் பேரை வைத்தார்கள். எல்லாரும் ஏன் இந்த மலைக்கு அடிபட்டார்கள் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். கையைத் துறைமுகப் பக்கம் நீட்டுங்கள். வாடைக் காற்றில் ஒரு கப்பற்படை முழுவதும் பத்திரமாக ஒதுங்கக்கூடிய ஆழத் துறைமுகம் வங்காள விரிகுடாவில் வேறு கிடைப்பது அரிது.

இப்போது உள்ளே. வாசல் நிலைக்கல்லில் ஒரு தமிழ்க் கல்வெட்டுத் துண்டு இருக்கிறது, இணைக்கயல் சின்னமும் இருக்கிறது. கயல் பாண்டியர் சின்னம். கோயில் தூணாகவோ நிலையாகவோ நின்ற கல்லைக் கோட்டை கட்டியவர்கள் தங்கள் அளவுக்கு வெட்டிப் பொருத்தியிருக்கிறார்கள். அதனால் வரிகளின் ஓரத்து எழுத்துகள் போய்விட்டன.

பலர் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு "ஒண்டும் வாசிக்க ஏலாது" என்று போய்விடுவார்கள். வாசிக்கலாம். காலையில் வாசலின் உட்புறம் நிழல், எழுத்துகள் தேய்ந்திருக்கின்றன. நேருக்கு நேர் போன் வெளிச்சம் அடித்தால் கல் வெள்ளையாகத் தெரியுமே தவிர எழுத்துத் தெரியாது. போனைக் கல்லோடு கிட்டத்தட்ட ஒட்டினாற்போல் பக்கத்தில் பிடித்து, வெளிச்சத்தைச் சரிவாக ஓடவிடுங்கள். வெட்டின பள்ளமெல்லாம் நிழல் பிடித்து எழுந்து நிற்கும். ஒருவர் வெளிச்சம் பிடிக்க, இன்னொருவர் படம் எடுக்கட்டும். பழைய கல்வெட்டில் புள்ளி வைப்பது குறைவு என்பதையும் முதலே சொல்லிவிடுங்கள். "னனே" என்று தெரிந்தால் அதை "ன்னே" என்று வாசிக்க வேண்டும். "குள", "பணியை", "பறங்கி" ஆகிய மூன்றையும் தேடச் சொல்லிப் பிள்ளைகளை விட்டுப் பாருங்கள். "பறங்கி"யை முதலில் கண்டுபிடிக்கிற பிள்ளை போடுகிற சத்தத்தில் மற்றவர்களும் வந்துவிடுவார்கள்.

அது திருமலையில் எல்லாருக்கும் பாடமான வெண்பா: "முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று தொடங்கும். குளக்கோட்டன் என்ற அரசன் செய்த திருப்பணியைப் பறங்கி (போர்த்துக்கேயன்) பிரிப்பான் என்று முன்கூட்டிச் சொன்ன வாக்கு என்று நம்புகிறவர்களும் உண்டு, நடந்ததன் பிறகு எழுதியது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. இரண்டையும் சொல்லுங்கள். எது எப்படியானாலும், கோயில் பிரிபடுவதைப் பாடுகிற கல், அந்தக் கோயிலைப் பிரித்தவர்களின் கோட்டை வாசலிலேயே நிற்கிறது.

எழுத்து நல்லாகத் தெரியட்டும் என்று சுண்ணாம்போ திருநீறோ எண்ணெயோ தயவுசெய்து பூச விடாதீர்கள். எண்ணெயில் தூசி ஒட்டிப் பாசி பிடிக்கும், அதைத் தேய்த்துக் கழுவுகிற ஒவ்வொரு முறையும் எழுத்தின் விளிம்பு போகும். நானூறு ஆண்டு உப்புக் காற்றுக்குத் தாக்குப்பிடித்தது. திருநீறு வைக்க ஆசைப்படுகிற பெரியவர்களிடம் மரியாதையாகச் சொன்னால் கேட்பார்கள்: "ஐயா, கும்பிட்டால் போதும், தொட வேண்டாம்."

இங்கிருந்து மேலே ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். ஏற்றம் மெதுவானது. பிள்ளைகளோடு இருபத்தைந்து நிமிடம் வையுங்கள். முகாம் கட்டடங்களையும் சீருடையில் நிற்பவர்களையும் படம் எடுக்க வேண்டாம், ட்ரோனை வாகனத்துக்குள்ளேயே வைத்துவிட்டு வாருங்கள். அடையாள அட்டை எல்லாரிடமும் இருக்கட்டும். பழைய கட்டடங்களுக்குள் வெலிங்டன் மாளிகை என்று ஒன்று உண்டு. வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த ஆர்தர் வெல்லெஸ்லி 1800இல் திருகோணமலைக்கு வந்திருந்தபோது தங்கியது. போகிற போக்கில் சொன்னால் போதும். வழியில் விகாரையும் இருக்கிறது, அங்கும் செருப்பு, உடை விஷயத்தில் அதே கவனம்.

மான்களைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டியிருக்கிறது. இவை புள்ளிமான்கள். மனிதருக்குப் பழகிக் கையை மோந்து பார்க்கும். பிள்ளைகள் பிஸ்கற்றை நீட்டுவார்கள், நீட்ட விடாதீர்கள். உப்பும் இனிப்பும் பட்ட பொலித்தீன், லஞ்ச் சீற், ரொபித் தாள் எல்லாவற்றையும் மான் சாப்பாடு என்றே விழுங்கும். அசைபோடுகிற மிருகம் அது. பொலித்தீன் இரைப்பையில் செமிக்காமல் உருண்டு தங்கிவிடும், வயிறு நிறைந்த மாதிரி இருப்பதால் மேய்வதையும் விட்டுவிடும், கடைசியில் வயிறு நிறையப் பொலித்தீனோடு பட்டினியில் சாகும். திருமலை மான்களுக்கு இது நடந்துகொண்டேயிருக்கிற விஷயம். உங்கள் கூட்டத்துக்கு ஒரு பெரிய துணிப்பை கொண்டுவாருங்கள், குப்பை முழுவதும் அதற்குள், திரும்பி வானுக்குள். கோட்டைக்குள் பார்சல் பிரித்துச் சாப்பிடுவதே வேண்டாம். கொம்புள்ள கலைமானுக்குப் பக்கத்தில் குழந்தையை நிறுத்திப் படம் எடுப்பதும் வேண்டாம். அது தலையைச் சும்மா திருப்பினாலும் கொம்பு குழந்தையின் கண் உயரத்துக்குத்தான் வரும்.

கடைத்தெரு தாண்டிச் செருப்பு விடுகிற இடம் வரும். கூட்டத்துச் செருப்பையெல்லாம் ஒரே பையில் போட்டுக் கொடுங்கள், திரும்பி வரும்போது தேட வேண்டியதில்லை. அங்கிருந்து மேலே வெறுங்கால். ஏழு மணிக்குக் குளிர்ச்சியாக இருக்கிற அதே சீமெந்து பத்து மணிக்குக் காலைச் சுடும். காலையிலேயே வாருங்கள் என்று நாங்கள் நிற்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஆண்கள் வேட்டி அல்லது நீளக் காற்சட்டை, பெண்கள் தோள் மூடிய உடை. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். அர்ச்சனைத் தட்டைக் கையில் தொங்கவிடாமல் நெஞ்சோடு பிடியுங்கள், குரங்கு வாழைப்பழத்தைத்தான் குறிவைக்கும். பிடுங்கினால் விட்டுவிடுங்கள், இழுத்தால் கடிக்கும். பூசை நேரத்தை முதல் நாளே கோயிலில் கேட்டு வையுங்கள், விசேட நாட்களில் மாறும். மதியத்தில் நடை சாத்திவிடுவார்கள்.

கோணேசரையும் மாதுமையாளையும் கும்பிட்ட பிறகு வீதியில் ஓரமாக இருத்தி, வாசலில் தொடங்கிய கதையை முடியுங்கள். 1950இல் நகரில் கிணறு வெட்டியபோது, அந்த அழிவுக்கு முன்னே புதைத்துக் காப்பாற்றப்பட்ட வெண்கல விக்கிரகங்கள் வெளியே வந்தன. 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மலைக்குக் கீழே கடலில் சுழியோடி, இடிந்த கோயிலின் கற்களைப் படமெடுத்தார்கள். இன்றைய கோயிலின் கும்பாபிஷேகம் 1963இல். ஆகக் கோயிலின் கல்லில் ஒரு பங்கு கீழே வாசலில், ஒரு பங்கு காலடியில் கடலுக்குள். இதைச் சொல்லிவிட்டுக் கடலை எட்டிப் பார்க்கச் சொன்னால் எல்லாரும் வேறு மாதிரிப் பார்ப்பார்கள்.

இராவணன் வெட்டு, பாறை பிளந்து கடலுக்கு இறங்குகிற இடம். தாய்க்காக மலையைப் பெயர்க்கப் பார்த்து வாளால் வெட்டியது என்பது கதை. கம்பித் தடுப்பைத் தாண்டிப் படம் எடுக்க இறங்குகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். உங்கள் கூட்டத்தில் ஒருவரும் இறங்கக்கூடாது. காற்று கீழிருந்து மேலே அடிக்கும், சால்வையோ தொப்பியோ பறந்தால் அதைப் பிடிக்கக் கை தானாக நீளும். சால்வையை முடிந்துவிட்டு வரச் சொல்லுங்கள். மரக்கிளைகளில் கட்டியிருக்கிற சின்னத் தொட்டில்கள் பிள்ளை வரம் கேட்டவர்களுடையவை, விளையாட்டுக்குத் தொட வேண்டாம்.

மலை விளிம்புப் பக்கம் ஒல்லாந்த எழுத்தோடு ஒரு தூண் நிற்கிறது. பிரான்சினா வான் ரீட் என்ற பெண்ணின் பேரும் 1687ஆம் ஆண்டும் வெட்டியிருக்கும். காதலன் கப்பலேறிப் போக அவள் குதித்தாள் என்று சொல்லி இதைக் காதலர் பாய்ச்சல் என்பார்கள். அவள் சாகவில்லை. தகப்பன் ஹென்றிக் வான் ரீட் 1691இல் இறந்தபோது அவள் உயிரோடு இருந்தாள். கதையைச் சொல்லுங்கள், அதோடு இதையும் சொல்லுங்கள். எழுத்தை விட்டுவிட்டுத் தூணையும் பாருங்கள். அது ஒல்லாந்தர் செய்த தூண் இல்லை, பழைய கோயில் தூண்.

ஒன்பதரைக்குள் இறங்கிவிடலாம். வெயில் ஏறுகிற நேரத்துக்குக் கடற்படை அருங்காட்சியகம் பொருத்தம், பழைய ஒல்லாந்தக் கட்டடம் ஒன்றுக்குள் இருக்கிறது. துறைமுக வாய்க்கு மேலே நிற்கிற ஒஸ்டன்பேர்க் கோட்டையைப் பார்க்க ஆசையிருந்தால் அது கடற்படைத் தளத்துக்குள், அனுமதி முதலே எடுக்க வேண்டும். வாசலில் வந்து கேட்டுப் பார்ப்போம் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் திரும்பிப் போகிறார்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கூட்டத்தில் இருந்தால் இன்னும் முன்னதாகக் கேளுங்கள். பகல் சோற்றுக்கு நகருக்குள் மீன் குழம்பும் சட்டித் தயிரும். பிறகு ஒன்றரை மணி நேரம் ஆளாளுக்கு நிழல் தேடி இருக்க விடுங்கள்.

மூன்றரைக்குக் கன்னியா வெந்நீர் ஊற்று. அநுராதபுரம் றோட்டால் எட்டுக் கிலோமீற்றர் அளவு. ஏழு சின்னச் சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. எரிமலை என்று பிள்ளைகள் நினைப்பார்கள், இலங்கையில் எரிமலை இல்லை. நிலத்துக்குள் ஆழமாக இறங்கின மழைநீர் அங்குள்ள சூட்டை வாங்கிக்கொண்டு பாறை வெடிப்பால் மேலே வருகிறது. வாளியால் அள்ளித்தான் ஊற்ற வேண்டும், உள்ளே இறங்கக் கூடாது. சூடு குறைந்த கிணற்றில் தொடங்கி ஒவ்வொன்றாகப் போங்கள், குழந்தைகளுக்கு முதலில் காலில் ஊற்றிப் பாருங்கள். சவர்க்காரம் வேண்டாம். கிரியை செய்ய வந்த குடும்பங்கள் நின்றால் அவர்களுக்கு முதலில் இடம் விடுங்கள்.

ஐந்தேகாலுக்குத் திரும்பவும் கோட்டை வாசலுக்கு வாருங்கள், பத்து நிமிடம் போதும். காலையில் நிழலில் கிடந்த வாசல் முகப்பில் இப்போது மாலை வெயில் நேரே விழும். 1675உம் அரச சின்னமும் படத்தில் தெளிவாக வருவது இந்த நேரத்தில்தான். பிறகு டச்சுக் குடாவில் பிள்ளைகளைக் கால் நனைக்க விட்டு, கச்சான் கடலை வாங்கிக் கொடுத்து, வானில் ஏற்றுங்கள். இருட்டினால் மான்கள் றோட்டுக்கு இறங்கும். சாரதியிடம் நகரைத் தாண்டுமட்டும் மெதுவாக எடுக்கச் சொல்லுங்கள்.